நெஃப்ரானை எண்ண முடியாது, குழந்தையை எடை போடலாம்: கிட்னி உருவாகிற கதை

1/ உங்க கிட்னியில எத்தனை நெஃப்ரான் இருக்குன்னு எந்த டாக்டராவது சொல்லியிருக்காங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. கிரியாட்டினின் சொல்வோம், யூரியா சொல்வோம், ஸ்கேன்ல கிட்னி எத்தனை சென்டிமீட்டர்னு சொல்வோம். உள்ள இருக்கிற வடிகட்டிகளை எண்ணிச் சொல்ற வசதி நாம போற ஆஸ்பத்திரிகள்ல கிடையாது.

2/ நெஃப்ரான்தான் ரத்தத்தை வடிகட்டி சிறுநீர் பிரிக்கிற யூனிட். ஒரு கிட்னிக்குச் சராசரியா 9-10 லட்சம் இருக்கும். ஆனா இறந்தவங்களோட கிட்னியை எடுத்து எண்ணிப் பார்த்த ஆய்வுகள்ல ஒருத்தருக்கு 2 லட்சம் சொச்சம், இன்னொருத்தருக்கு 20 லட்சத்துக்கும் மேல. ரெண்டு பேரும் வெளியில பார்க்க ஒரே மாதிரிதான் இருந்திருப்பாங்க.

3/ இந்தக் கணக்கு கர்ப்பத்தோட 36வது வாரத்துக்குள்ள முடிஞ்சிடும். நிறை மாசத்துல பிறந்த குழந்தைக்கு அப்புறம் ஒரு நெஃப்ரான் கூடச் சேராது. 80 வயசு வரைக்கும் அந்த முதலை வச்சுத்தான் குடும்பம் நடத்தணும். வட்டி வராது, செலவு மட்டும்தான்.

4/ சரி, அந்த எண்ணிக்கையை வயித்துக்குள்ள எது முடிவு பண்ணுது? இந்தக் கேள்வியில 150 வருஷமா ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி "எல்லாம் ரசாயன சிக்னல்"னு சொல்லுது. இன்னொரு கட்சி "செல்கள் தள்ளுற, இழுக்கிற விசை"ன்னு சொல்லுது. ரொம்ப நாள் ரெண்டாவது கட்சிக்கு டெபாசிட் கூடக் கிடைக்கல. ஏன், அப்புறம் எப்படித் திரும்பி வந்துச்சு, இதுல வெள்ளிமலைக்கு என்ன வேலை? அதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வாங்க.

5/ முதல்ல அடிப்படை. கரு உண்டாகி 5வது வாரம், அதாவது நாள் தள்ளிப்போய் சுமார் 3 வாரம். நிறைய பேருக்கு கர்ப்பம்னே உறுதியாகியிருக்காது. அப்பவே கருவோட முதுகுப்பக்கம் ஓடுற ஒரு குழாயோட வால் முனைக்குப் பக்கத்துல ஒரு சின்ன மொட்டு கிளம்புது. அந்தக் குழாய்க்குப் பேர் வோல்ஃப் குழாய். கருவுக்குள்ள குட்டி மனுஷன் ரெடிமேடா இருக்கான்னு எல்லாரும் நம்பின காலத்துல, 1759ல, "இல்ல, உறுப்புகள் புதுசா உருவாகுது"ன்னு எழுதின ஜெர்மன்காரர் காஸ்பர் ஃப்ரீட்ரிக் வோல்ஃப் பேர்ல வச்சது.

6/ அந்த மொட்டு பக்கத்துல இருக்கிற ஒரு செல் கூட்டத்துக்குள்ள நுழையும். நுழைஞ்சதும் ரெண்டாப் பிரியும், ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும். புளியமரம் கிளை விடற மாதிரி. ஒவ்வொரு கிளை நுனியிலயும் சுத்தி இருக்கிற செல்கள் கொத்தாச் சேர்ந்து நெஃப்ரானா மாறும். கிளை அதிகம்னா நெஃப்ரான் அதிகம். கிளை குறைஞ்சா நெஃப்ரான் குறைவு. மொட்டே வரலைன்னா கிட்னியே இல்ல.

7/ ரெண்டு கிட்னியும் இல்லாத குழந்தைகள் பிழைக்கிறதில்ல. 1946ல சிகாகோவைச் சேர்ந்த எடித் பாட்டர்ங்கிற டாக்டர், அப்படிப் பிறந்த குழந்தைகளோட முகம் எல்லாம் ஒரே மாதிரி அமுங்கின ஜாடையில இருக்குன்னு எழுதினார். பனிக்குடத் தண்ணியில பெரும்பங்கு குழந்தையோட சிறுநீர்தான். கிட்னி இல்லைன்னா தண்ணி இல்ல. தண்ணி இல்லைன்னா கர்ப்பப்பை நேரா குழந்தையை அமுக்குது, நுரையீரலும் விரியாது. ரசாயனக் குறை ஒண்ணு, கடைசியில ஒரு அமுக்கமா வந்து நிக்குது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

8/ இப்ப கதைக்கு வருவோம். 1874, லைப்ஸிக் நகரம், வில்ஹெல்ம் ஹிஸ். கருவை மெல்லிசா சீவிப் பார்க்கிற கருவியைச் செஞ்சவர். அவர் சொன்னது ரொம்ப எளிமை: கருவுல ஒரு பகுதி வேகமா வளருது, பக்கத்துப் பகுதி மெதுவா வளருது. அப்போ வளைஞ்சுதான் ஆகணும், மடிஞ்சுதான் ஆகணும். ரப்பர் குழாயை வெட்டி, மடக்கி "பாருங்க, மூளை இப்படித்தான் வளையுது"ன்னு காட்டினார்.

9/ அந்தக் காலத்துல உயிரியல்ல பெரிய கை எர்ன்ஸ்ட் ஹெக்கல். கரு ஏன் இப்படி இருக்குன்னா பரிணாம வரலாறுதான் பதில்ங்கிறது அவர் கட்சி. ஹிஸ்ஸோட வேலைக்கு "ரப்பர் குழாய் தத்துவம்"னு பட்டப்பேர் வச்சு ஓட்டினார். ஹிஸ்கிட்ட பதிலுக்குக் காட்ட ஒரு எண் கூட இல்ல. எவ்ளோ விசை? எந்த செல்லு, எந்தப் பக்கம் இழுக்குது? அளக்கக் கருவி இல்ல. அளக்க முடியாத வாதம் கேலிக்கு முன்னாடி நிக்காது.

10/ 1917ல ஸ்காட்லாந்துல டார்சி தாம்சன், உயிர்களோட வடிவத்துக்கும் இயற்பியல் விதிகளுக்கும் உள்ள உறவைப் பத்தி மொத்தமா ஒரு புத்தகம் போட்டார். எல்லாரும் பாராட்டினாங்க, ஆய்வுக்கூடத்துல யாரும் பின்தொடரல. காரணம் அதேதான்.

11/ அப்புறம் வந்தது சிக்னல் கட்சியோட பொற்காலம். 1924ல ஹான்ஸ் ஷ்பேமனும் அவரோட மாணவி ஹில்டே மாங்கோல்டும் நீர்ப்பல்லி கருவுல ஒரு துண்டை எடுத்து இன்னொரு கருவுல ஒட்டினாங்க. ஒட்டின இடத்துல ரெண்டாவது உடம்பே உருவாச்சு. அந்தத் துண்டு பக்கத்து செல்களுக்கு ஏதோ கட்டளை போடுது! ஷ்பேமனுக்கு 1935ல நோபல். ஹில்டே கட்டுரை வந்த வருஷமே வீட்டுல நடந்த தீ விபத்துல இறந்துட்டாங்க, 25 வயசு.

12/ கிட்னிக்கு அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவோட க்ளிஃபர்ட் க்ரோப்ஸ்டீன். 1950கள்ல எலிக் கருவோட கிட்னி செல் கூட்டத்தைத் தனியா எடுத்து வளர்த்தார். தனியா விட்டா ஒண்ணும் ஆகல. மொட்டையோ தண்டுவடத் துண்டையோ பக்கத்துல வச்சா குழாய் உருவாச்சு. நடுவுல நுண்ணிய துளை போட்ட ஒரு வடிகட்டித் தாளை வச்சார், அப்பவும் உருவாச்சு. "பார்த்தீங்களா, தொடாமலே சிக்னல் போகுது"ன்னு உலகம் நினைச்சது.

13/ ஃபின்லாந்துல ஹெல்சின்கி பல்கலைக்கழகத்துல லௌரி சாக்ஸேன் குழு 1970கள்ல அதே தாளை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பார்த்தாங்க. துளைக்குள்ள செல்கள் விரல் மாதிரி நீட்டி மறுபக்கத்தைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு! தொடுதலும் வேணும்னு தெரிஞ்சது. இன்னைக்கும் கிட்னி கருவியல்ல ஹெல்சின்கிக்குத் தனி மரியாதை உண்டு, அங்கிருந்து தொடங்கினதுதான்.

14/ ஆனா சிக்னல்னா என்ன பொருள்? பேர் என்ன? நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடிச்ச ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986ல நோபல் கிடைச்சது. "க்ரோத் ஃபேக்டர்"ங்கிற வார்த்தை அப்புறம்தான் பரவலா எல்லார் வாயிலயும் வந்துச்சு. ஒரு செல் சுரக்கிற புரதம், இன்னொரு செல்லோட மேல்தோல்ல இருக்கிற பூட்டுல சாவி மாதிரி உக்காரும். உள்ள வேலை ஆரம்பிக்கும்.

15/ கிட்னியோட பூட்டு 1994ல சிக்குச்சு. ரெட்னு ஒரு மரபணு. முதல்ல புற்றுநோய் ஆய்வுல தெரிஞ்ச பேர்தான் அது. ஃப்ராங்க் கோஸ்டன்டினியும் வாசிலிஸ் பாக்னிஸும் சேர்ந்த குழு எலியில ரெட்டை எடுத்துட்டுப் பார்த்தாங்க. பிறந்த குட்டிகள் பலதுக்கு கிட்னி இல்ல, குடல்ல நரம்பும் இல்ல.

16/ சாவி எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? பார்க்கின்சன் நோய்க்கு மருந்து தேடினவங்ககிட்ட இருந்து! 1993ல மூளை செல்களைக் காப்பாத்துற ஒரு புரதத்தைப் பிரிச்சு எடுத்தாங்க. பேர் ஜிடிஎன்எஃப். 1996 ஜூலை, நேச்சர் இதழ், ஒரே இதழ்ல 3 குழுக்களோட கட்டுரை. ஜிடிஎன்எஃப் இல்லாத எலிக்கும் கிட்னி இல்ல, குடல் நரம்பு இல்ல. மூளைக்காகத் தேடினது கிட்னியில போய் நின்னுச்சு. அடுத்த வருஷமே ஹெல்சின்கியில ஜிடிஎன்எஃப்ல ஊறவச்ச சின்ன மணியைக் குழாய் பக்கத்துல வச்சாங்க. வச்ச இடத்துல எல்லாம் கூடுதல் மொட்டு.

17/ இதுல பொது மக்களுக்கு முக்கியமான இன்னொரு ஆய்வு, ஆஸ்திரேலியாவுல நடந்தது. ஜிடிஎன்எஃப் மரபணு ரெண்டு காப்பியில ஒண்ணு மட்டும் இருக்கிற எலி. கிட்னி இருக்கு, எலி நல்லா ஓடியாடுது. ஆனா எண்ணிப் பார்த்தா நெஃப்ரான் சுமார் 30% கம்மி. வயசான பிறகு பிபி அதிகம். சிக்னல் கொஞ்சம் குறைஞ்சா பிறக்கும்போது ஒண்ணும் தெரியாது, பில் பின்னாடிதான் வரும்.

18/ சிக்னல் கட்சி ஜெயிச்சாச்சு, அப்புறம் என்னன்னு கேப்பீங்க. ஒரு நிமிஷம். தேர்த் திருவிழாவை நினைச்சுக்கோங்க. மேளம் அடிக்கிறாங்க, கொம்பு ஊதுறாங்க, "இழு"ன்னு குரல் வருது. அதெல்லாம் சிக்னல். வெறும் சத்தத்துல தேர் நகராது. வடத்தைப் பிடிச்சு நூறு பேர் இழுக்கணும். ஜிடிஎன்எஃப் மேளம். நேரா இருந்த குழாய்ச் சுவரைப் பிதுக்கி மொட்டாக்குற வடம் எது? ஹிஸ் கேட்டது இதைத்தான்.

19/ வடத்தை முதல்ல கண்ணுல காட்டினவர் ஆல்பர்ட் ஹாரிஸ், வட கரோலினா பல்கலைக்கழகம். 1980. அவர் பண்ணது அவ்ளோ எளிமை. சிலிகான் எண்ணெய் மேல ஒரு நொடி நெருப்பைக் காட்டினார். பால்ல ஏடு படியற மாதிரி மேல மெல்லிசா ஒரு ரப்பர் தோல் படிஞ்சது. அது மேல உயிருள்ள செல்களை விட்டார். செல் ஊர்ந்து போகும்போது தோல்ல சுருக்கம் விழுந்துச்சு! ஏடு மேல விரலை வச்சு இழுத்தா சுருங்குமே, அதே மாதிரி. செல் இழுக்குது. கண்ணால பார்த்தாச்சு.

20/ அந்தச் சுருக்கத்தை எண்ணா மாத்தினது 1990களோட கடைசியில. ஜெல்லி மாதிரி ஒரு பொருள், அதுக்குள்ள ஒளிர்ற நுண்மணிகள். செல் இழுத்தா மணி நகரும். எவ்ளோ நகர்ந்துச்சு, ஜெல்லி எவ்ளோ விறைப்பு, ரெண்டையும் வச்சு விசையைக் கணக்குப் போடலாம். அலகு நானோநியூட்டன். ஒரு சாமை மணியோட எடை சுமார் 20,000 நானோநியூட்டன். ஒரு செல்லோட மொத்த இழுப்பு பெரும்பாலும் சில நூறு. கல்வராயன் மலை சாமையில ஒரு மணியைத் தூக்க நூறு செல் சேர்ந்து இழுக்கணும்னு வச்சுக்கோங்க. கேக்கச் சின்னது, ஆனா பக்கத்து செல்லை நகர்த்த அது போதும்.

21/ இழுக்கணும்னா பிடிச்சுக்க ஏதாவது வேணுமே? இங்க நம்ம சென்னை வருது. செல்கள் பிடிச்சுத் தொங்குற கயிறுகள்ல முக்கியமானது கொலாஜன். அதோட மூணு புரி முறுக்கு அமைப்பைச் சொன்னது ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், 1954-55ல, சென்னைப் பல்கலைக்கழகத்துல. பக்கத்துலயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து கிடைச்ச கங்காரு வால் தசைநார்தான் அவங்க சாம்பிள். கிட்னியோட ஒவ்வொரு குழாய்க்கும் வெளிப்பக்கம் விரிச்ச பாய் மாதிரி ஒரு படலம் இருக்கு. அதுல முக்கியச் சரக்கு கொலாஜனோட ஒரு வகைதான்.

22/ அப்போ மேளத்துக்கும் வடத்துக்கும் நடுவுல தொடர்பு எங்க? 1992ல லண்டன்ல ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் காட்டினாங்க. வெளியில இருந்து வளர்ச்சிக் காரணி பட்டதும், செல்லுக்குள்ள ரோன்னு ஒரு புரதம் முழிச்சுக்குது. அது முழிச்சா செல்லுக்குள்ள ஆக்டின் இழைகள் கத்தை கத்தையா வரிசை கட்டுது. ஆக்டினும் மயோசினும் நம்ம கை தசையை இழுக்கிற அதே ஜோடி. சிக்னல் வந்து சேர்ற இடத்துல தசை மாதிரி ஒரு இயந்திரம் காத்துக்கிட்டு இருக்கு.

23/ கிட்னியில இதைச் சோதிச்சது எடின்பரோவுல ஜேமி டேவிஸ் குழு, 2005. தட்டுல வளர்ற எலிக் கரு கிட்னியில மொட்டு நுனியைப் பார்த்தாங்க. அங்க ஆக்டின் இழைகள் திரண்டு இருந்துச்சு. இழுக்கிற இயந்திரத்தை மருந்து கொடுத்து நிறுத்தினாங்க. கிளை விடறது நின்னு போச்சு.

24/ அதே 2005லயும், மறுபடி 2009லயும் கோஸ்டன்டினி ஆய்வுக்கூடம் இன்னொரு அழகான விஷயம் காட்டுச்சு. ரெட் இருக்கிற செல்லையும் இல்லாத செல்லையும் ஒரே கருவுல கலந்து விட்டாங்க. மொட்டு நுனி யாருக்கு? ரெட் இருக்கிற செல்கள் முண்டியடிச்சு நுனிக்குப் போயிடுது, இல்லாதது பின்தங்கிடுது. ஜிடிஎன்எஃப் சும்மா "வளரு"ன்னு மட்டும் சொல்லல. செல்களை இடம் மாத்தி அடுக்குது. இடம் மாறணும்னா தள்ளணும், இழுக்கணும்.

25/ சிக்னலை மாத்தினா விசை மாறுதான்னு எண்ணோட காட்டின தெளிவான கதை கிட்னிக்குப் பக்கத்து உறுப்புல இருந்து வந்துச்சு: குடல். அதுலயும் ஒரு சென்னைத் தொடர்பு உண்டு. எல். மகாதேவன், ஐஐடி மெட்ராஸ்ல பி.டெக் படிச்சு இப்போ ஹார்வர்டுல இருக்கிறவர். 2011ல அவரும் க்ளிஃப் டாபினும் சேர்ந்த குழு, குடல் ஏன் சுருள் சுருளா மடியுதுன்னு கேட்டாங்க. குடல் வேகமா வளருது, அதைப் பிடிச்சிருக்கிற சவ்வு மெதுவா வளருது. அதனால குடல் மடியுது. நிரூபிக்க என்ன பண்ணாங்க தெரியுமா? இழுத்துப் பிடிச்ச ரப்பர் ஷீட்டுல ஒரு ரப்பர் குழாயைத் தைச்சு, கையை விட்டாங்க. குடல் மாதிரியே சுருண்டுச்சு.

26/ ரப்பர் குழாய்! ஹெக்கல் சிரிச்ச அதே ரப்பர் குழாய், கிட்டத்தட்ட 140 வருஷம் கழிச்சு நேச்சர் இதழ்ல. இந்த முறை கூடவே அளவு இருந்துச்சு. விறைப்பு எவ்ளோ, வளர்ச்சி வித்தியாசம் எவ்ளோ, அதுக்கு எத்தனை சுருள் வரணும்னு கணக்கு சொன்னதும் கருவுல இருந்ததும் பொருந்திப்போச்சு. 2017ல அடுத்த படி: பிஎம்பிங்கிற வளர்ச்சிக் காரணியைக் கூட்டிக் குறைச்சாங்க. வளர்ச்சி வித்தியாசம் மாறுச்சு, விசை மாறுச்சு, சுருள் எண்ணிக்கை மாறுச்சு. மேளம் மாறினா வடத்தோட இழுப்பு மாறுது, தேர் போற தடம் மாறுது. ரெண்டு கட்சியும் ஒரே தேரைத்தான் பேசிக்கிட்டு இருந்திருக்கு.

27/ கிட்னியில இப்போ அந்த வேலை நடந்துக்கிட்டு இருக்கு. 2014ல ஒட்கர் காம்பாஸ் குழு, வளர்ற திசுவுக்குள்ளயே ஒரு நுண்ணிய எண்ணெய்த் துளியை விட்டு, அது எந்தப் பக்கம் நசுங்குதுன்னு பார்த்து விசையை அளக்கிற வழி சொன்னாங்க. 2023ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல அலெக்ஸ் ஹ்யூஸ் குழு, எலிக் கிட்னியோட மேற்பரப்புல கிளை நுனிகள் எப்படி இடத்துக்கு அடிச்சுக்குதுன்னு காட்டினாங்க. நுனிகள் பெருகிக்கிட்டே போகுது, பரப்பு அந்த வேகத்துல பெருகல. பண்டிகை பஸ்ல ஏறின மாதிரி ஒண்ணை ஒண்ணு தள்ளி இடம் பிடிக்குது. அந்த நெருக்கடி சரியா தீர்ந்தாத்தான் நெஃப்ரான் ஒழுங்கா அடுக்கும்.

28/ ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். இதெல்லாம் எலி, கோழிக்கரு, தட்டுல வளர்ற திசு. தாய் வயித்துல இருக்கிற குழந்தையோட கிட்னிக்குள்ள விசையை யாரும் அளக்கல. "விசையைச் சரி பண்ற மருந்து"ன்னு நாளைக்கு வாட்ஸ்அப்ல ஏதாவது வந்தா நம்பாதீங்க. இந்த ஆய்வுகளோட கனவு வேற: ஆய்வுக்கூடத்துல உண்மையான கிட்னித் திசு வளர்க்கிறது. அதுக்கு எந்த சிக்னல் கொடுத்தா எந்த விசை வரும்னு தெரிஞ்சாகணும். டயாலிசிஸ் மெஷின்ல வாரத்துக்கு மூணு நாள் உக்காந்திருக்கிற நம்ம ஜனங்களுக்கு அது பெரிய விஷயம்.

29/ இப்ப நெஃப்ரான் எண்ணிக்கைக்குத் திரும்புவோம். 1988ல பேரி ப்ரென்னர் குழு ஒரு கருத்து சொன்னாங்க: பிறக்கும்போதே நெஃப்ரான் குறைவா இருந்தா, இருக்கிறது ஒவ்வொண்ணும் கூடுதல் சுமை தூக்குது, பிபி ஏறுது, நெஃப்ரான் சீக்கிரம் தேயுது. 2003ல ஜெர்மனியில விபத்துல இறந்தவங்களோட கிட்னியை எண்ணினாங்க. பிபி இருந்த 10 பேருக்கு ஒரு கிட்னிக்குச் சுமார் 7 லட்சம். பிபி இல்லாத 10 பேருக்குச் சுமார் 14 லட்சம். சின்ன ஆய்வுதான், ஆனா வித்தியாசம் பாதிக்குப் பாதி.

30/ உயிரோட இருக்கிறவங்களுக்கு எண்ண முடியாதே, என்ன பண்றது? அதே 2003ல அமெரிக்காவுல இருந்து வந்த ஒரு ஆய்வு பதில் சொல்லுச்சு. பிறந்தப்போ இருந்த எடை ஒரு கிலோ கூடினா ஒரு கிட்னிக்குச் சுமார் 2.5 லட்சம் நெஃப்ரான் கூடுதல். அந்த எண்ணை அப்படியே நம்ம ஊருக்கு ஒட்ட முடியாது. ஆனா திசை தெளிவு. பிறந்த குழந்தையோட எடைதான் நம்ம கையில இருக்கிற நெஃப்ரான் மீட்டர்.

31/ எடையை எழுதி வச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு மைசூர் சாட்சி. அங்க ஹோல்ட்ஸ்வொர்த் மெமோரியல் ஆஸ்பத்திரியில 1934ல இருந்து பிறந்த குழந்தைகளோட எடையை நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க. எதுக்கு உதவும்னு அன்னைக்கு எழுதினவங்களுக்குத் தெரியாது. 1990கள்ல அந்தக் குழந்தைகளை, இப்போ நடுத்தர வயசு மனுஷங்களா, தேடிப் பிடிச்சுப் பார்த்தாங்க. எடை குறைவாப் பிறந்தவங்களுக்கு இதய நோய் அதிகமா இருந்துச்சு. தென்னிந்தியாவுல இந்த உறவு தெரிய வந்தது அந்தப் பழைய நோட்டுப் புண்ணியத்துல.

32/ வெள்ளிமலைக்கு வருவோம். கல்வராயன் மலை 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில இருந்த பூமி. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் சமவெளிக்கு வந்து ரொம்ப நாள் கழிச்சுத்தான் மேல ஏறுச்சு. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019ல. மாவட்டத்து மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில. 2024ல சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து இந்த மலை மக்களோட வாழ்நிலை பத்தி வழக்கு எடுத்துச்சு. இன்னமும் உள்கிராமத்துல இருந்து ஒரு கர்ப்பிணி ஸ்கேனுக்குப் போகணும்னா வெள்ளிமலை வந்து, கச்சிராயபாளையம் இறங்கி, கள்ளக்குறிச்சி போகணும். ஒரு நாள் கூலி போச்சு.

33/ அப்படிப் போய் எடுத்த ஸ்கேன்ல "ஒரு கிட்னி தெரியல"ன்னு வந்தா வீட்டுல முதல் கேள்வி என்ன? "கிரகணத்தப்போ வெளிய வந்தியா? பப்பாளி சாப்பிட்டியா? சாமிக்கு நேர்ந்ததை மறந்தியா?" மலையில மட்டும் இல்ல, சென்னை ஃப்ளாட்லயும் கேக்குறாங்க. கேள்வி எப்பவும் அந்தப் பொண்ணுகிட்டதான்.

34/ இவ்ளோ வரலாறு சொன்னதே இதுக்குத்தான். அந்த மொட்டு கிளம்பினப்போ நாள் தள்ளி 3 வாரம். ஒரு சிக்னல் வரணும், அதைக் கேட்டு சில நூறு செல்கள் சரியான பக்கம் இழுக்கணும். ஒரு பக்கம் அது நடக்கல. கிரகணத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. சிலருக்கு மரபணு, பலருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியாது. அம்மா செஞ்ச குத்தம்னு எதுவும் இல்ல. ஒரு கிட்னி மட்டும் உள்ள குழந்தை சுமார் ஆயிரத்துல ஒண்ணு, பெரும்பாலும் நல்லா வளரும். வருஷத்துக்கு ஒரு தடவை பிபி, சிறுநீர்ல புரதம் பார்த்துட்டா போதும்.

35/ ஆனா நெஃப்ரான் எண்ணிக்கை விஷயத்துல நாம மாத்தக்கூடியது நிறைய இருக்கு. அது அம்மா தனியா சுமக்கிற பொறுப்பு இல்ல, வீடும் ஊரும் அரசும் சேர்ந்து இழுக்க வேண்டிய தேர். 18 வயசுக்கு முன்னாடி கல்யாணம் வேண்டாம். ரெண்டு பிரசவத்துக்கு நடுவுல இடைவெளி விடுங்க. 12 வாரத்துக்குள்ள கர்ப்பத்தைப் பதிவு பண்ணுங்க. ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை, வயிறாரச் சாப்பாடு, சுகர் இருந்தா கட்டுப்பாடு. 18-20 வாரத்துல ஸ்கேன். அதுக்குக் கூட்டிட்டுப் போற வேலை வீட்டு ஆம்பளைங்களோடது.

36/ மாத்திரை விஷயம் ரொம்ப முக்கியம். எனாலப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் மாதிரி பிபி மாத்திரைகள் வளர்ற கிட்னியைப் பாதிக்கும். சாப்பிடுறவங்க கர்ப்பத்துக்குத் திட்டம் போடும்போதே, இல்ல நாள் தள்ளின உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க. மாத்தித் தருவோம், நீங்களா நிறுத்தாதீங்க. முதுகுவலிக்குக் கடையில கேட்டு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கி முழுங்காதீங்க, குறிப்பா 20 வாரத்துக்கு மேல.

37/ குழந்தை பிறந்ததும் எடை போடுங்க. ஆஸ்பத்திரியில போட்டுடுவாங்க. வழியில, வீட்டுல பிறந்துட்டா முதல் நாளே தூக்கிட்டு வந்து போடுங்க. 2.5 கிலோவுக்குக் கீழன்னா அந்த எண்ணைப் பத்திரமா வச்சுக்கோங்க. தாய்-சேய் அட்டை கிழிஞ்சு போகும், மழையில நனையும். போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க.

38/ அந்தக் குழந்தை வளரும்போது எந்த டாக்டர்கிட்ட போனாலும் "பிறந்த எடை இவ்ளோ"ன்னு சொல்லுங்க, பிபி பார்க்கச் சொல்லுங்க. பெரியவனானதும் வெயில்ல வேலைக்குப் போனா தண்ணி நல்லாக் குடிக்கணும், வலி மாத்திரை கண்டபடி போடக்கூடாது, வருஷம் ஒரு தடவை பிபி, சுகர், கிரியாட்டினின். மக்களைத் தேடி மருத்துவம் ஆளுங்க வீட்டுக்கே வந்து பிபி பார்ப்பாங்க, அப்போ கையை நீட்டுங்க. முதல் கம்மியா இருக்கிற வீடு கணக்குப் பார்த்துச் செலவு பண்ற மாதிரிதான்.

39/ உங்க பிறந்த எடை உங்களுக்குத் தெரியுமா? இன்னைக்கு அம்மாகிட்ட கேளுங்க. வயித்துப் பிள்ளைக்காரி யாராவது வீட்டுல இருந்தா இந்த த்ரெட்டை அவங்க வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் சேர்த்து அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, ஓபி முடிஞ்சு வந்து பதில் சொல்றேன்.